தரையில் காத்திருக்க ஒருவர்

முதல் உலகப் போர் 1918 நவம்பரில் ஓய்ந்தபோது அமெரிக்க ராணுவத்தின் கையில் ஆயிரக்கணக்கான பயிற்சி விமானங்கள் மிஞ்சிக் கிடந்தன. பெரும்பாலானவை கர்ட்டிஸ் ஜேஎன்-4 ரகம். ஜென்னி என்று எல்லோரும் செல்லமாகக் கூப்பிட்டார்கள். இரண்டு அடுக்கு இறக்கை, மரச்சட்டம், அதன்மேல் இழுத்துப் போர்த்திய துணி, மூக்கில் 90 குதிரைசக்தி எஞ்சின். ஏறத்தாழ ஐயாயிரம் டாலர் கொடுத்து வாங்கிய விமானத்தை அரசு சில நூறு டாலருக்குத் தள்ளிவிட்டது. சார்லஸ் லிண்ட்பர்க் 1923-ல் தன் முதல் விமானத்தை வாங்கியது இப்படித்தான். ஜார்ஜியா மாநிலத்தில் அமெரிக்கஸ் என்ற ஊரில், 500 டாலருக்கு, ஒரு ஜென்னி.

வேலை போன விமானிகளும் மலிவு விலை விமானங்களும் சேர்ந்தால் என்ன நடக்குமோ அது நடந்தது. மத்திய அரசின் உரிமம் என்ற பேச்சே அன்றைக்கு இல்லை. பணம் இருந்தால் விமானம், துணிச்சல் இருந்தால் பிழைப்பு. ஓர் ஊர் கண்ணில் பட்டால் அதன்மேல் தாழ்வாக இரண்டு சுற்று. சத்தம் கேட்டு ஊர் முழுக்கத் தெருவுக்கு வந்துவிடும். பிறகு ஊர் எல்லையில் மாடு மேயும் வெளியில் இறங்குவது, நிலத்துக்காரரை முதல் சவாரிக்கு இலவசமாக ஏற்றி அவர் மனசைக் குளிர வைப்பது, மற்றவர்களிடம் ஆளுக்குச் சில டாலர் வாங்கிக்கொண்டு பத்து நிமிடம் சுற்றிக் காட்டுவது. கூட்டம் தீர்ந்ததும் அடுத்த ஊர். களஞ்சியங்களை ஒட்டி இறங்கிய இந்த நாடோடிகளுக்கு பார்ன்ஸ்டார்மர் என்று பெயர் நிலைத்தது.

வானத்தில் அவர்கள் செய்த வித்தைகளைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். இறக்கைமேல் நடந்தார்கள், ஒரு விமானத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவினார்கள். தரையில் அவர்கள் பட்ட பாடுதான் நம் கதைக்கு வேண்டியது. பெட்ரோல் ஊருக்குள் ஏதோ ஒரு மோட்டார் கொட்டகையிலிருந்து தகரத்தில் வரவேண்டும். அதில் தண்ணீர் கலந்திருக்கும், துரு இருக்கும். புனலில் மெல்லிய ஆட்டுத்தோலை விரித்து அதன்வழியே மெதுவாக ஊற்றுவார்கள். பெட்ரோல் கசிந்து இறங்கும், தண்ணீர் தோலின் மேலேயே தங்கிவிடும். இரவில் காற்று எழுந்தால் விமானம் புரண்டுவிடும் என்பதால் கயிறும் முளைக்குச்சியும் தேடவேண்டும். இறக்கைத் துணியின் மேல்பூச்சு மாடுகளுக்குப் பிடித்துப்போய், நக்கி நக்கித் துணியையே கிழித்துவிடும். விடிய விடியக் காவல். ஊருக்குப் போக யாராவது வண்டி தரவேண்டும். எந்த மரத்துக்குப் பின்னால் தந்திக்கம்பி ஓடுகிறது என்று சொல்ல ஆள் வேண்டும்.

சுத்தமான எரிபொருள், கட்டிவைக்கக் கயிறு, இரவில் ஒரு காவல், ஊருக்குள் போக ஒரு வண்டி, உள்ளூர் விவரம் தெரிந்த ஒரு மனிதர். சின்ன விமானத்தில் தனியாகப் பறக்கிற ஒருவர் இன்றைக்குச் சின்ன விமான நிலையத்தில் எதிர்பார்ப்பதைக் கேட்டாலும் ஏறக்குறைய இதே பட்டியல்தான் வரும். அமெரிக்காவின் பல சிறு ஊர் விமான நிலையங்களில் எஃப்.பி.ஓ. என்ற பெயரில் ஒரு நிறுவனம் இருக்கிறதே, ஃபிக்ஸட் பேஸ் ஆபரேட்டர் என்று, அது இந்தப் பட்டியலிலிருந்துதான் பிறந்தது.

தரை வேலை சரியில்லாவிட்டால் உயிர் போகும் என்பதற்கு அந்தக் காலத்தில் சாட்சிகள் நிறைய. பெஸ்ஸி கோல்மன் கறுப்பினப் பெண். அமெரிக்காவில் எந்தப் பள்ளியும் அவருக்கு விமானம் ஓட்டக் கற்றுத்தரவில்லை. பிரான்சுக்குப் போய்க் கற்று 1921-ல் சர்வதேச உரிமம் வாங்கி வந்து, ஊர் ஊராக வித்தை காட்டினார். 1926 ஏப்ரலில் டல்லஸிலிருந்து ஃப்ளோரிடாவின் ஜாக்சன்வில்லுக்கு அவருக்காக ஒரு பழைய ஜென்னி வந்தது. பராமரிப்பு அவ்வளவு மோசம். வழியில் மூன்று முறை அவசரமாகத் தரையிறங்கித்தான் வந்து சேர்ந்தது. ஏப்ரல் 30 அன்று ஒத்திகைப் பறப்பில் அது கட்டுப்பாடு இழந்து கவிழ, கோல்மன் வெளியே வீசப்பட்டு இறந்தார். ஓட்டிய மெக்கானிக்கும் இறந்தார். கட்டுப்பாட்டுப் பகுதியில் ஒரு ஸ்பானர் சிக்கிக் கிடந்ததைப் பின்னால் கண்டுபிடித்தார்கள். யாரோ வேலை முடித்து மறந்து வைத்துவிட்டுப் போன ஸ்பானர்.

அதற்கு இருபதாவது நாள், 1926 மே 20 அன்று, அதிபர் கால்வின் கூலிட்ஜ் விமான வணிகச் சட்டத்தில் கையெழுத்திட்டார். கோல்மனின் சாவுக்கும் சட்டத்துக்கும் நேரடித் தொடர்பு கிடையாது, சட்டம் நெடுநாள் விவாதத்தில் இருந்தது. ஆனால் அவரைக் கொன்ற நிலைமை எதுவோ அதைத்தான் சட்டம் குறிவைத்தது. இனி விமானிக்கு உரிமம் வேண்டும், மெக்கானிக்குக்கு உரிமம் வேண்டும், விமானம் பறக்கத் தகுதியானது என்று சான்று வேண்டும். முதல் விமானி உரிமத்தை ஆர்வில் ரைட்டுக்குத் தர முன்வந்தார்கள். அவர் வேண்டாம் என்று சொல்லிவிட, இந்தச் சட்டத்தால் உருவான புதிய துறையின் தலைவரான வில்லியம் மெக்ராக்கன் 1927 ஏப்ரலில் அந்த முதல் எண்ணைப் பெற்றார்.

நாடோடி விமானிகளுக்கு இந்தச் சட்டம் பெரிய அடி. பழைய ஜென்னிகளில் பல புதிய விதிப்படி தேறவே தேறாது. பழுது பார்த்ததற்குக் கணக்கு எழுதவேண்டும், சான்று வாங்கிய மெக்கானிக் கையெழுத்துப் போடவேண்டும். மாட்டுக்கொட்டகை ஓரத்தில் இதெல்லாம் நடக்காது. ஒன்று தொழிலை விடவேண்டும், இல்லையென்றால் ஓரிடத்தில் உட்காரவேண்டும். உட்கார்ந்தவர்கள் ஒரு வெளியைக் குத்தகைக்கு எடுத்தார்கள், தகரக் கொட்டகை போட்டார்கள், ஒரு பெட்ரோல் தொட்டியைப் புதைத்தார்கள். ஊர் ஊராகச் சுற்றுபவரிடமிருந்து பிரித்துக்காட்ட, நிலையான இடத்தில் தொழில் நடத்துபவர் என்று அவர்களுக்கு ஒரு பெயர் வந்தது. மூன்று எழுத்தாகச் சுருங்கி அது இன்றுவரை ஒட்டிக்கொண்டிருக்கிறது.

நல்ல நேரம், மறு வருடமே லிண்ட்பர்க் நியூயார்க்கிலிருந்து பாரிஸுக்கு முப்பத்து மூன்றரை மணி நேரத்தில் தனியாகப் பறந்து போய்ச் சேர்ந்தார். திரும்பி வந்து அதே விமானத்தில் 48 மாநிலங்களையும் சுற்றினார். அவர் இறங்கவேண்டும் என்பதற்காகவே ஊர்கள் விமான நிலையம் பற்றிப் பேச ஆரம்பித்தன. நகராட்சி நிலம் கொடுக்கும், ஓடுபாதை போடும். ஆனால் அதை நடத்த யார்? ஏற்கெனவே அங்கே கொட்டகை போட்டு உட்கார்ந்திருந்த பழைய நாடோடிதான். அவரே பறக்கக் கற்றுக் கொடுத்தார், அவரே எஞ்சினைப் பிரித்துப் போட்டார், அவரே அவசரக்காரரைப் பக்கத்து நகரத்துக்குக் கொண்டுபோய் விட்டார், அவரே வயலுக்கு மருந்து தூவினார். இரவில் யாராவது வழி தவறி வந்தால் கார் விளக்கைப் போட்டு ஓடுபாதையைக் காட்டியதும் அவர்தான். இறங்கி வருபவருக்கு என்ன வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. எல்லாம் தான் பட்டதுதானே.

இந்த இடத்தில் நம் ஊர்ப் பக்கத்துச் செய்தி ஒன்று. நெவில் வின்ட்சென்ட் என்ற முன்னாள் ஆங்கில விமானப்படை வீரர் 1929 வாக்கில் இந்தியாவுக்கு வந்து, இதேபோல ஊர் ஊராகச் சவாரி காட்டிப் பிழைத்தார். இந்தியாவுக்குள் தபால் விமானம் விடலாம் என்று அவர் சொன்ன யோசனை ஜே.ஆர்.டி. டாட்டாவிடம் போய்ச் சேர்ந்தது. 1932 அக்டோபர் 15 அன்று டாட்டா கராச்சியிலிருந்து அகமதாபாத் வழியாகப் பம்பாய்க்கு ஓட்டிவர, அங்கிருந்து தபாலை பெல்லாரி வழியாகச் சென்னைக்குக் கொண்டுவந்தவர் வின்ட்சென்ட். அகமதாபாத்தில் விமானத்துக்குப் பெட்ரோல் மாட்டுவண்டியில் தகரம் தகரமாக வந்து இறங்கியது. அமெரிக்காவில் நாடோடி விமானி பெட்ரோல் நிலையக்காரர் ஆனார், இங்கே நாடோடி விமானி, பின்னால் ஏர் இந்தியாவாக வளர்ந்த தபால் சேவையின் பிறப்புக்குக் காரணமானார். சொந்த விமானம் வைத்திருக்கும் நடுத்தர மக்கள் இங்கே உருவாகவில்லை. அதனால் அவர்களுக்காகத் தரையில் காத்திருக்கும் தொழிலும் இங்கே அவ்வளவாக வேர் பிடிக்கவில்லை.

அமெரிக்காவில் அது வேர்விட்டதற்கு அரசின் கை இரண்டு முறை உதவியது. 1938 டிசம்பரில் அதிபர் ரூஸ்வெல்ட் குடிமக்கள் விமானப் பயிற்சித் திட்டத்தை அறிவித்தார். கல்லூரி மாணவர்களுக்கு வகுப்புப் பாடத்தைக் கல்லூரி நடத்தும், பறக்கும் பயிற்சியைப் பக்கத்து ஊர் எஃப்.பி.ஓ. நடத்தும், பணத்தை அரசு கொடுக்கும். 1944-ல் திட்டம் முடிவதற்குள் 4,35,000 பேருக்கு மேல் பயிற்சி பெற்றிருந்தார்கள். பெருமந்தத்தில் தட்டுத்தடுமாறிக்கொண்டிருந்த சிறு நிறுவனங்களைக் கைதூக்கி விட்டது இந்தத் திட்டம்தான். இரண்டாவது உதவி இரண்டாம் உலகப் போருக்குப் பின்னால் வந்தது. ராணுவம் கட்டிய நூற்றுக்கணக்கான விமான தளங்கள் நகராட்சிகளுக்கும் மாவட்டங்களுக்கும் கைமாறின. நீளமான கான்கிரீட் ஓடுபாதை, பெரிய கொட்டகை, எல்லாம் சும்மா கிடைத்தது. அமெரிக்காவில் பொதுமக்கள் பயன்படுத்தும் விமான நிலையங்கள் இன்று ஐயாயிரத்துக்குக் குறையாமல் இருக்கின்றன. பயணிகள் விமானம் போய்வருவது அதில் பத்தில் ஒரு பங்கு அளவுக்குத்தான். மீதி எல்லாம் இப்படிப்பட்ட சின்ன நிலையங்கள்.

ஒரு சட்டவிதியையும் சொல்லிவிட வேண்டும், பின்னால் வரும் சண்டைக்கு அதுதான் அடிப்படை. அரசுப் பணம் செலவான விமான நிலையத்தில் யாருக்கும் ஏகபோக உரிமை கொடுக்கக்கூடாது என்று 1938-ல் வந்த விமானப் போக்குவரத்துச் சட்டமே சொல்லிவிட்டது. விமானத்தில் வரும் யாரையும் நியாயமான கட்டணத்தில், பாரபட்சம் இல்லாமல் நடத்தவேண்டும் என்ற நிபந்தனையும் அரசு மானியத்தோடு சேர்ந்தே வருகிறது.

போருக்குப் பிந்தைய முப்பது வருடம் இந்தத் தொழிலின் பொற்காலம் என்று தயங்காமல் சொல்வேன். 1946 ஒரே வருடத்தில் முப்பதாயிரத்துக்கும் மேலான சிறு விமானங்கள் தயாராயின. அந்த வேகம் உடனே சரிந்தாலும், 1978-ல் 17,811 என்று மீண்டும் உச்சத்தைத் தொட்டது. ஞாயிற்றுக்கிழமை பக்கத்து மாநிலத்துக்குப் பறந்து போய் ஒரு ஹாம்பர்கர் சாப்பிட்டுவிட்டு வருவது ஒரு பண்பாடாகவே ஆனது. பெட்ரோல் செலவையும் சேர்த்தால் அந்த ஹாம்பர்கரின் விலை நூறு டாலர் என்று சொல்வார்கள். போகிற இடத்தில் சாப்பாட்டுக் கடை இருக்கிறதா என்பதுதான் விமானிகள் ஒருவரையொருவர் கேட்கும் முதல் கேள்வி. எஃப்.பி.ஓ.வின் சுவரில் சட்டையின் பின்பக்கத் துணித்துண்டுகள் வரிசையாக ஆணியடித்திருக்கும். மாணவர் முதல் முறை தனியாகப் பறந்து இறங்கியதும் ஆசிரியர் அவர் சட்டையின் பின்பக்கத்தைக் கத்தரித்து, பெயரையும் தேதியையும் எழுதி மாட்டுவது வழக்கம். ஓர் ஊரில் யார் யார் பறந்தார்கள் என்ற வரலாறு பல இடங்களில் அந்தச் சுவரில்தான் இருக்கிறது.

அந்த நிறுவனங்களின் உயிர்நாடி லைன் பாய் என்று அழைக்கப்பட்ட பையன்கள். பள்ளி முடிந்ததும் வந்து பெட்ரோல் போடுவார்கள், கண்ணாடி துடைப்பார்கள், கூலியைப் பறக்கும் வகுப்புக்குக் கழித்துக்கொள்வார்கள். அவர்கள் செய்யும் வேலையைப் பக்கத்திலிருந்து பார்த்தால்தான் அதன் கனம் புரியும். விமானம் வந்து நின்று விசிறி ஓய்ந்ததும் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வைக்கவேண்டும். பெட்ரோல் வண்டியிலிருந்து ஒரு கம்பியை இழுத்து அதன் கவ்வியை விமானத்தின் எக்ஸாஸ்ட் குழாய் போன்ற வெறும் உலோகத்தில் மாட்டவேண்டும். உராய்வில் சேரும் மின்சாரம் பொறி கிளப்பாமல் இருக்க அது. செஸ்னா 172 என்றால் இறக்கை தலைக்கு மேலே, சின்ன ஏணி போட்டு ஏறவேண்டும். குழாயின் மூக்கு இறக்கையின் வண்ணத்தைக் கீறாமல் பிடித்து, கேட்ட அளவு மட்டும் ஊற்றி, மூடியை இறுக்கித் திருகவேண்டும். அதற்குப் பிறகு விமானி வருவார். இறக்கையின் அடியில் இருக்கும் சின்னத் திறப்பை ஒரு கண்ணாடிக் குப்பியால் அழுத்தி, கொஞ்சம் பெட்ரோலைப் பிடித்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார். வெளிர் நீலமாக இருந்தால் அது 100எல்எல் என்னும் விமானப் பெட்ரோல். அடியில் தண்ணீர் இருந்தால் தனிக் குமிழாக உருளும். ஜெட் எரிபொருளோ வைக்கோல் நிறம். சந்தேகம் இருந்தால் வெள்ளைத் தாளில் ஒரு சொட்டு விடுவார்கள். விமானப் பெட்ரோல் ஆவியாகித் தடம் இல்லாமல் போய்விடும், ஜெட் எரிபொருள் எண்ணெய்க்கறையாக வட்டம் போடும்.

இவ்வளவு ஏன் பார்க்கிறார்கள் என்பதற்கு பாப் ஹூவரின் கதையே போதும். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியரிடம் சிறைப்பட்டு அவர்கள் விமானத்தையே ஓட்டிக்கொண்டு தப்பியவர், சோதனை விமானி, வித்தைப் பறப்பில் அவருக்கு நிகர் அவரே. சான் டியகோவில் ஒரு காட்சியை முடித்துக்கொண்டு, தன் ஷ்ரைக் கமாண்டர் விமானத்தில் பயணிகளோடு கிளம்பினார். ஷ்ரைக் கமாண்டர் பெட்ரோலில் ஓடும் பிஸ்டன் விமானம். அதே உருவத்தில் டர்பைன் எஞ்சின் வைத்த இன்னொரு ரகமும் உண்டு, அதற்கு ஜெட் எரிபொருள். பெட்ரோல் போட்ட பையன் இரண்டையும் குழப்பிக்கொண்டுவிட்டான். குழாய்களில் மிஞ்சியிருந்த நல்ல பெட்ரோல் ஓடுபாதை வரைக்கும் போகவும் மேலே ஏறவும் போதுமானதாக இருந்தது. ஏறின கொஞ்ச நேரத்தில் இரண்டு எஞ்சினும் நின்றன. கரடுமுரடான நிலத்தில் அவர் எப்படியோ இறக்கினார், விமானம் நொறுங்கியது, எல்லோரும் பிழைத்தார்கள். திரும்பி வந்த ஹூவர், குற்ற உணர்ச்சியில் நொந்துபோய் நின்ற அந்தப் பையனிடம் போய், நாளைக்கு என் மற்ற விமானத்துக்கு நீதான் பெட்ரோல் போடவேண்டும் என்று சொன்னார். இனி அந்தப் பையன் இந்தத் தவறைச் செய்யவே மாட்டான் என்று அவருக்குத் தெரியும்.

பெருந்தன்மையோடு நிறுத்திக்கொள்ளாமல் அவர் அடுத்த வேலையையும் செய்தார். ஜெட் எரிபொருள் குழாயின் வாயைத் தட்டையாக, அகலமாக அமைத்து, பிஸ்டன் விமானத்தின் தொட்டி வாயில் ஒரு வளையத்தைப் பொருத்திவிட்டால் தவறாக ஊற்ற நினைத்தாலும் உள்ளே நுழையாது. இந்த ஏற்பாட்டை நாடு முழுக்கப் பரப்ப அவர் பாடுபட்டார். ஹூவர் நாசில் என்று அதற்கு அவர் பெயரையே வைத்திருக்கிறார்கள். தரையில் வேலை செய்யும் பையனுக்கும் வானத்தில் பறக்கும் மனிதருக்கும் இடையில் இருக்கவேண்டிய நம்பிக்கைக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

1978 உச்சம் என்றேன். அதற்குப் பிறகு சரிவு. விபத்து வழக்குகளின் இழப்பீடும் காப்பீட்டுச் செலவும் விமான விலையை எட்டாத உயரத்துக்குக் கொண்டுபோயின. செஸ்னா 1986-ல் பிஸ்டன் விமானம் செய்வதையே நிறுத்தியது, பத்து வருடம் கழித்துத்தான் மறுபடி தொடங்கியது. 1994-ல் அமெரிக்கத் தொழிற்சாலைகளிலிருந்து வெளிவந்த சிறு விமானங்கள் எல்லா ரகமும் சேர்ந்து ஆயிரத்தைத் தொடவில்லை. வாடிக்கையாளர் குறைந்தால் கடைக்காரர் என்ன செய்வார்? பணம் இருக்கும் பக்கம் திரும்புவார். அந்தப் பக்கம் ஜெட் விமானங்கள் நின்றன. செஸ்னா 172-ன் தொட்டியை விளிம்பு வரை நிரப்பினால் 212 லிட்டர். கல்ஃப்ஸ்ட்ரீம் ஜி550 ரக ஜெட்டில் ஏறத்தாழ 23,000 லிட்டர் பிடிக்கும். ஒரு ஜெட்டை நிரப்பினால் நூறு செஸ்னாவை நிரப்பிய வியாபாரம். தகரக் கொட்டகை இருந்த இடத்தில் சலவைக்கல் தரை, தோல் சோபா, ஜெட் படிக்கட்டின் கீழே சிவப்புக் கம்பளம் எல்லாம் வந்தன. ஊருக்கு ஒருவராக இருந்த உரிமையாளர்களைப் பெரிய நிறுவனங்கள் ஒவ்வொருவராக வாங்கின. அப்படி வளர்ந்ததில் பெரியதான சிக்னேச்சர் நிறுவனத்தை 2021-ல் முதலீட்டு நிறுவனங்கள் சேர்ந்து சுமார் 470 கோடி டாலருக்கு வாங்கின. பெட்ரோல் தொட்டியைப் புதைத்துவிட்டு உட்கார்ந்த நாடோடியின் தொழில் எவ்வளவு தூரம் வந்துவிட்டது!

சின்ன விமானிகளின் மனக்குறை இங்கேதான் தொடங்குகிறது. நான்கு இருக்கை விமானத்தில் ஒருவர் வந்து இறங்குகிறார். வயதான அம்மாவைப் பார்க்க வந்திருப்பார், இரண்டு மணி நேரத்தில் கிளம்பிவிடுவார். கயிறு அவருடையது, கட்டிக்கொள்வதும் அவரே. கிளம்பும்போது மேசையில் ஒரு சீட்டு வருகிறது: நிறுத்தக் கட்டணம், கையாளும் கட்டணம், வசதிக் கட்டணம். எதற்கு என்று கேட்டால் விளக்கம் இல்லை, முன்கூட்டியே எங்கும் போட்டிருக்கவும் இல்லை. ஏகபோகம் கூடாது என்று சட்டம் இருந்தாலும் பல இடங்களில் இரண்டாவது கடையை நடத்த வியாபாரம் போதாது, அதனால் நடைமுறையில் ஒருவர்தான். விமான உரிமையாளர்கள், விமானிகள் சங்கமான ஏஓபிஏ 1939-ல் தொடங்கியது. அது 2017-ல் ஆஷ்வில், வாக்கீகன், கீ வெஸ்ட் ஆகிய மூன்று விமான நிலையங்களின் கட்டணங்கள் பற்றி அரசிடம் முறையிட்டது. நியாயமான கட்டணம் என்ற அந்தப் பழைய மானிய நிபந்தனைதான் முறையீட்டின் ஆதாரம்.

இந்தச் சண்டையில் நான் விமானிகள் பக்கம். ஆனால் கடைக்காரரின் கணக்கையும் பார்க்காமல் பேசுவது சரியில்லை. நிலத்துக்குக் குத்தகை, பெட்ரோல் வண்டிக்குக் காப்பீடு, ஆள் சம்பளம், தொட்டியின் சோதனைச் செலவு எல்லாம் விமானம் வந்தாலும் வராவிட்டாலும் ஓடிக்கொண்டே இருக்கும். கழிப்பறையையும் காபியையும் பயன்படுத்திவிட்டு ஒரு லிட்டர் பெட்ரோல்கூட வாங்காமல் கிளம்புகிற விமானிகளும் உண்டு. பொறுப்பான விமானிகளின் பழக்கம் வேறு. பக்கத்து ஊரில் பெட்ரோல் மலிவு என்றாலும் இறங்கிய இடத்தில் கொஞ்சமாவது வாங்கிவிட்டுத்தான் கிளம்புவார்கள். கட்டணமே கூடாது என்று அவர்களில் பெரும்பாலோர் கேட்பதில்லை. கிளம்புவதற்கு முன்னாலேயே வீட்டிலிருந்து பார்க்கும்படி விலையை வெளிப்படையாகப் போடுங்கள், எங்களுக்குத் தேவைப்படாத சேவைக்கு எங்களிடம் வாங்காதீர்கள், சோபாவும் கம்பளமும் வேண்டாதவர் நிறுத்த ஒரு மூலையில் இடம் விடுங்கள். இவ்வளவுதான் கேட்கிறார்கள். இதில் எது பேராசை?

பழைய குணம் முற்றிலும் போய்விடவும் இல்லை. அயோவா, கான்சஸ், நெப்ராஸ்கா மாதிரி நடுநாட்டு மாநிலங்களின் சிற்றூர்களில் எஃப்.பி.ஓ.வை நகராட்சியே நடத்தும் இடங்கள் பல. அங்கே ஆள் இல்லாத நேரத்திலும் அட்டையைச் செருகிப் பெட்ரோல் பிடித்துக்கொள்ளலாம். காத்திருப்பு அறையின் கதவில் எண் பூட்டு இருக்கும். நிலையத்தின் வானொலி அலைவரிசை எண்ணையே பூட்டின் எண்ணாக வைப்பது பலர் கைக்கொள்ளும் வழக்கம், வானத்திலிருந்து இறங்கி வந்தவருக்கு மட்டும் அது சட்டென்று விளங்கும். உள்ளே கழிப்பறை, காபி, வானிலை பார்க்க ஒரு கணினி, ஒரு சாய்வு நாற்காலி. சுவரில் சாவி தொங்கும். வெளியே நிற்கும் வண்டி பெரும்பாலும் காவல்துறை ஓட்டி ஓய்ந்த ஃபோர்டு கிரவுன் விக்டோரியா. ஊருக்குள் போய்ச் சாப்பிட்டு வர யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், வாடகை கிடையாது. ஓட்டிய தூரத்துக்குப் பெட்ரோல் போட்டுவிட்டு, வருகைப் பதிவேட்டில் பெயர் எழுதிவிட்டு, சாவியை அதே ஆணியில் மாட்டவேண்டும். கயிறுகள் தரையிலேயே கொக்கியில் கட்டித் தயாராகக் கிடக்கும். முன்பின் தெரியாதவருக்கு ஊர் தன் வண்டியையே கொடுக்கிறது. நம் ஊரில் வழிப்போக்கருக்குச் சத்திரம் கட்டி வைத்தவர்களின் மனசு இதுதான்.

விமானிகள் பெரிதாக மதிக்கும் இன்னொன்று உண்மை பேசுவது. இரவு கொட்டகைக்குள் விமானத்தை நகர்த்தும்போது இறக்கை நுனி தூணில் இடிப்பது நடக்கக்கூடியது. முன்சக்கரத்தை அதில் குறித்திருக்கும் எல்லைக்கு மேல் திருப்பிவிட்டால் உள்ளே ஏதாவது வளையும், வெளியே தெரியாது. காலையில் வந்த விமானியிடம் இடித்துவிட்டது என்று சொல்கிற ஊழியர் இருக்கும் இடத்துக்கு அவர் திரும்பத் திரும்ப வருவார். சொல்லாமல் விட்டால் அடுத்த பறப்பில் அது என்னவாக முடியும் என்று விளக்க வேண்டியதில்லை.

இப்போது இந்தத் தொழிலின் முன்னால் ஒரு புதிய கேள்வி நிற்கிறது, அதுவும் பெட்ரோல் சம்பந்தப்பட்டதே. 100எல்எல் பெட்ரோலில் லிட்டருக்கு 0.56 கிராம் வரை ஈயம் உண்டு. கார்களுக்கு ஈயம் கலந்த பெட்ரோல் போன பிறகும் சிறு விமானங்களுக்கு அது தொடர்ந்தது, ஏனென்றால் ஈயம் இல்லாவிட்டால் வலுவான பிஸ்டன் எஞ்சின்கள் உள்ளே வெடித்துத் தட்டும். விமான நிலையத்தைச் சுற்றி வாழும் குழந்தைகளின் உடலில் அந்த ஈயம் சேர்கிறது என்ற கவலையில் கலிஃபோர்னியாவின் சான்டா கிளாரா மாவட்டம் 2022 ஜனவரி முதல் தன் நிலையங்களில் அதை விற்பதை நிறுத்தியது. அதே வருடம் செப்டம்பரில் ஜி100யுஎல் என்ற ஈயமில்லாப் பெட்ரோலுக்கு அரசின் அங்கீகாரம் கிடைத்தது. 100ஆர் என்ற இன்னொன்றும் 2024-ல் சில செஸ்னா ரகங்களுக்கு வந்தது. 2030-க்குள் ஈயத்தை ஒழிக்கவேண்டும் என்பது இலக்கு.

ஈயம் போகவேண்டும், அதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. சிக்கல் தரையில் இருக்கிறது. ஜி100யுஎல்லும் 100ஆரும் தனித்தனியே 100எல்எல்லோடு கலக்கலாம், அவை ஒன்றோடொன்று கலக்க அங்கீகாரம் இல்லை. சின்ன நிலையத்தில் இருப்பது ஒரே ஒரு தொட்டி. இரண்டாவது தொட்டி புதைக்க வருமானம் கட்டுபடியாகாது. ஓர் ஊரில் ஒன்றும் அடுத்த ஊரில் இன்னொன்றும் கிடைத்தால், பறந்து வரும் விமானி தன் தொட்டியில் பாதி மிஞ்சியிருப்பது எது, இங்கே ஊற்றப்போவது எது என்று ஒவ்வொரு முறையும் தெரிந்துகொள்ள வேண்டும். ஹூவர் நாசிலைப் போல இதைத் தடுக்கும் குழாய் எதுவும் கிடையாது, எல்லாப் பெட்ரோலும் ஒரே வாயில்தான் நுழையும். ஏணியில் ஏறி நிற்கும் பையன் ஊற்றுவதற்கு முன்னால் தலையைத் திருப்பி, போன இடத்தில் என்ன போட்டீர்கள் என்று கேட்டாக வேண்டும்.